நிலம் யாருடையது? சிங்கப்பூர் முதல் ஹனோய் வரை பத்து நாள்

முதல் நாள் – சிங்கப்பூர், தோ பாயோ

மேல்நிலை வகுப்புகளுக்கு இருபத்தாறு ஆண்டுகள் பொருளியல் நடத்தியவன் நான். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்து மூன்று கட்டங்களாக்கி, முதலாளித்துவம், சமதர்மம், கலப்புப் பொருளாதாரம் என்று தலைப்பிட்டு, அவற்றின் இயல்புகளை வரிசையாக எழுதி, கடைசியில் நாடுகளின் பெயரையும் எழுதுவேன். சிங்கப்பூர் முதல் கட்டத்தில் வரும்; வியட்நாம் இரண்டாவதில்; மலேசியாவும் தாய்லாந்தும் மூன்றாவதில். பிள்ளைகள் அதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். ஓய்வு பெற்றபின் அந்த நான்கு நாடுகளையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடக் கிளம்பியிருக்கிறேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகள் எழுதியிருக்கிறேன். குடியிருக்கும் வீட்டுக்கு அடியில் உள்ள நிலம் யாருடையது? ஆள்கிறவர்கள் தவறு செய்தால் அவர்களை இறக்க என்ன வழி? போகும் ஊரிலெல்லாம் இவ்விரண்டையும் கேட்டு, கிடைக்கும் விடையை அன்றன்று இரவே இங்கே எழுதுவேன்.

தங்கியிருப்பது பழைய மாணவர் ஒருவரின் வீட்டில். இங்கே நிரந்தரவாசியாகி, பன்னிரண்டாம் மாடியில் மூவறை வீவக வீடு வாங்கியிருக்கிறார். வீவக என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதன் சுருக்கம். இங்குள்ள தமிழர் அனைவர் வாயிலும் அந்தச் சுருக்கமே புழங்குகிறது. இரவு உணவுக்குப் பின் என் முதல் கேள்வியைக் கேட்டேன். "வீடு என்னுடையது சார், நிலம் அரசாங்கத்துடையது. குத்தகை 99 வருஷம், அதில் இன்னும் ஐம்பது சொச்சம்தான் மிச்சம்" என்று அவர் இயல்பாகச் சொன்னார். தனியுடைமையின் இலக்கணம் என்று நான் இத்தனை ஆண்டுகள் கற்பித்த நாட்டில், நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அரசின் கையில் இருக்கிறது. குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் நான்கில் மூன்று பேருக்கு மேல் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் குத்தகையை விலை கொடுத்து வாங்கியவர்கள்.

இது தானாக நடந்ததன்று. 1960இல் வீவக தொடங்கப்பட்டபோது நகரின் பெரும்பகுதி மக்கள் நெரிசலான கடைவீடுகளிலும், ஓலையால் அத்தாப்புக் கூரை போட்ட, கம்பம் எனப்படும் குடிசைக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தார்கள். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பிடித்த தீ ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. எரிந்த இடத்திலேயே ஓராண்டுக்குள் அடுக்குமாடிகள் எழுந்தன. 1966இல் வந்த நிலக் கையகப்படுத்தல் சட்டம், பொதுத் தேவைக்கு என்று அரசு கருதும் எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கொடுத்தது. பின்னர் இழப்பீட்டுக்கு 1973ஆம் ஆண்டு விலையே உச்சவரம்பாக்கப்பட்டதால், நிலம் வைத்திருந்தவர்கள் பல ஆண்டுகள் சந்தை விலையில் ஒரு பகுதியை மட்டுமே பெற்றார்கள். முழுச் சந்தை விலை கொடுக்கும் முறை 2007இல்தான் திரும்பியது. மாஸ்கோவில் நடந்திருந்தால் நான் இதை இரண்டாவது கட்டத்தில் எழுதியிருப்பேன்.

இரண்டாம் நாள் – சிங்கப்பூர்

காலையில் மாணவரின் அண்டைவீட்டு முதியவர் ஒருவரோடு கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசினேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, மத்திய சேம நிதியை விளக்கினார். ஆங்கிலேயர் காலத்தில் 1955இல் தொடங்கிய அந்த நிதியில், இப்போது 55 வயதுக்குட்பட்ட ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 20 பங்கும், முதலாளியிடமிருந்து 17 பங்கும் மாதந்தோறும் சேர்கின்றன. 1968 முதல் அந்தச் சேமிப்பை எடுத்து வீவக வீடு வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். ஓய்வூதியத்துக்கென்று கட்டாயமாகச் சேர்த்த பணம், அரசு நிலத்தில் அரசு கட்டிய வீட்டின் விலையாக மாறியது. வேலையும் சேமிப்பும் வீடும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருப்பதால், வேலை போனால் மூன்றும் சேர்ந்து ஆடும். அதே கட்டுமானம்தான் அவரைப் போன்ற கூலித் தொழிலாளி இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்து, முதுமையில் சொந்தக் கதவைத் தாழிட்டு உறங்கவும் வழி செய்தது. நான் அவரிடம் குறை சொல்ல ஒன்றும் தேடவில்லை.

அவர் வீடு இருக்கும் புளோக்கில் எத்தனை சீனர், எத்தனை மலாய்க்காரர், எத்தனை இந்தியர் இருக்கலாம் என்பதற்கு 1989 முதல் வரம்பு உண்டு. வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்குபவர் வட்டம் சுருங்கி, சில நேரம் விலையும் குறைகிறது. அந்த வரம்பு இல்லாதிருந்தால் இனவாரிச் சேரிகள் உருவாகியிருக்கும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே தோன்றியது, விற்கும்போது இழப்பவருக்கு ஈடு செய்யும் வழி இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு.

இரண்டாம் கேள்விக்கு விடை இங்கே எளிதாக இல்லை. ஆளும் மக்கள் செயல் கட்சி 1959இலிருந்து ஒரு பொதுத் தேர்தலிலும் தோற்கவில்லை. வாக்குச்சீட்டை யாரும் திருடுவதில்லை, வாக்களிப்பது கட்டாயம், எண்ணிக்கையும் நேர்மையாக நடக்கிறது. ஆயினும் 1988 முதல் வந்த குழுத்தொகுதி முறையில், பல இடங்களுக்கு ஓர் அணியாகவே போட்டியிட வேண்டியிருப்பதால் சிறிய கட்சிகள் ஆள் திரட்டவே தடுமாறுகின்றன. 1997 தேர்தலின்போது, ஆளுங்கட்சிக்கு ஆதரவு தரும் வட்டாரங்களின் அடுக்குமாடிகள் முதலில் புதுப்பிக்கப்படும் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரரும் ஆட்சியாளரும் ஒருவராகும்போது வாக்குக்கும் மின்தூக்கிக்கும் இடையில் இப்படி ஒரு முடிச்சு விழுகிறது. அது தவறு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் 2011ஐ மறந்துவிட்டு இந்த நாட்டைப் பேசக் கூடாது. வீட்டு விலை ஏறி, இளைய தம்பதியர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்த ஆண்டில் ஆளுங்கட்சியின் வாக்கு 60 விழுக்காட்டுக்கு இறங்கியது. இருந்த 87 இடங்களில் 81 அதற்கே கிடைத்தன என்றாலும், முதன்முறையாக ஒரு குழுத்தொகுதி எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிடம் போனது. அதற்குப் பிறகு வீடு கட்டும் வேகம் கூட்டப்பட்டது. அமைச்சர்களின் சம்பளம் குறைக்கப்பட்டது. இறக்க முடியாதவர்களையும் வாக்கு மூலம் நடுங்கவைக்க முடிகிறது. 2025 தேர்தலில் அக்கட்சி மீண்டும் 65 விழுக்காட்டுக்கு மேல் வாக்கும் 97இல் 87 இடங்களும் பெற்றது. முதியவர் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை. குத்தகை முடிந்தபின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்ற கவலையை மட்டும் அவரே இரண்டு முறை சொன்னார்.

மூன்றாம் நாள் – கடற்பாலம் கடந்து கோலாலம்பூர்

விடியற்காலைப் பேருந்து. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். எதிர்த்திசையில், ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் இருட்டிலேயே அணிவகுத்து நின்றன. 1973 வரை இரு நாட்டு நாணயமும் (இங்கே வெள்ளி என்பார்கள்) ஒன்றுக்கு ஒன்று மாற்றத்தக்கதாக இருந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஒரே காலனி ஆட்சியின் கீழ், ஒரே சட்ட மரபில் வளர்ந்து, 1963 முதல் 1965 வரை ஒரே நாடாகவும் இருந்த இரு நிலப்பகுதிகளுக்கு நடுவே அரை நூற்றாண்டில் விழுந்த இந்த இடைவெளியை அந்த விளக்கு வரிசை கண்ணுக்குக் காட்டியது. இடைவெளிக்கான காரணத்தைச் சிலர் ஆட்சியின் திறமை என்கிறார்கள். துறைமுக நகரம் ஒன்றையும், ரப்பர்க் காடும் நெல்வயலும் சுரங்கமும் பதின்மூன்று மாநிலங்களும் கொண்ட நாட்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. கோலாலம்பூர் வந்து சேரப் பிற்பகலாகிவிட்டது.

நான்காம் நாள் – சிலாங்கூர், ஒரு பழைய தோட்டம்

இன்றைய நாளுக்காகத்தான் மலேசியாவில் இறங்கினேன் என்று சொல்லலாம். கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்ட இடத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் எஞ்சியிருக்கும் சில குடும்பங்களைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் பால் மரம் வெட்டத் (ரப்பர்ப் பால் எடுக்கத்) தொடங்கிய ஓர் அம்மையார் திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார்.

"நாங்க பொறந்தது இந்த லயத்துல, எங்க அப்பா செத்தது இந்த லயத்துல. ஆனா ஒரு முழம் நெலம் எங்க பேருல இல்ல, ஐயா. வேல இருக்கிற வரைக்கும் வீடு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் மலாயாத் தமிழரின் நூற்றாண்டுப் பொருளாதாரம் அடங்கியிருக்கிறது. கங்காணி கூட்டிவந்த காலத்திலிருந்து வேலை, வீடு, பள்ளி, கோயில் எல்லாமே தோட்ட முதலாளியின் நிலத்தில் நின்றன. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையோடு வீடும் போனது. தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை இங்கே முதியவர்கள் இன்றும் பஞ்சம் என்ற சொல்லைச் சொல்லும் குரலில்தான் சொல்கிறார்கள். அதைத் தடுக்க 1960இல் இங்குள்ள இந்தியர்களின் தலைவரும் அமைச்சருமான துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, விலைக்கு வந்த தோட்டங்களை அவர்கள் பேரிலேயே வாங்கியது. முதலாளியும் அல்லாமல் அரசும் அல்லாமல் உழைப்பவரே கூட்டாக உடைமையாளராகும் இந்த வழிக்கு என் கரும்பலகையில் நான் கட்டமே போட்டதில்லை. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டதை நினைத்து மனம் வருந்துகிறது.

அதே காலத்தில் அரசும் நிலமற்றவர்களுக்கு நிலம் கொடுத்தது. 1956இல் தொடங்கிய பெல்டா திட்டத்தில் காட்டைத் திருத்தி, குடும்பத்துக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் ரப்பர் அல்லது செம்பனை நிலம் வழங்கினார்கள்; நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அப்படிக் குடியேறின. உலகில் நிகழ்ந்த நிலக் குடியேற்றத் திட்டங்களில் வெற்றிகரமானவற்றுள் இதுவும் ஒன்று. பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை இரண்டு இலக்குகளை வைத்தது: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, இனத்தையும் தொழிலையும் பிணைத்த பழைய நிலையை மாற்றுவது. பூமிபுத்திராக்கள், அதாவது மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும், கையில் வைத்திருந்த 2.4 விழுக்காடாக இருந்த நிறுவனப் பங்குடைமையை 1990க்குள் 30 விழுக்காடாக்க வேண்டும் என்பது இரண்டாவதன் அளவுகோல். காலனி ஆட்சி மலாய் உழவரை வணிகத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது என்பதால் அந்த நோக்கத்தை நான் நியாயமானது என்றே ஏற்கிறேன். ஆனால் அந்த அம்மையார் 1971இல் எந்தப் பணக்கார இனத்தையும் சேர்ந்தவராக இருக்கவில்லை. முதல் இலக்கு இரண்டாவதன் நிழலில் மறைந்தபோது, லயத்து வீட்டு ஏழ்மைக்கு எந்தப் பெயரிலும் கதவு திறக்கவில்லை. அவருடைய மகன் இப்போது கிள்ளானில் லாரி ஓட்டுகிறார், வாடகை வீடு.

ஐந்தாம் நாள் – ரயிலில் வடக்கே

கோலாலம்பூரிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார ரயில். ரயிலில் இருந்த நேரம் இந்நாட்டு ஆட்சிமுறையைப் பற்றி எழுதப் போதுமானதாக இருந்தது. ஒன்பது பரம்பரை ஆட்சியாளர்கள் தமக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுழற்சி முறையில் வரும் இத்தகைய முடியாட்சி வேறெங்கும் இல்லை. நிலம் கூட்டரசிடம் இல்லை, மாநிலங்களிடம் இருக்கிறது. ஆகவே தமிழ்ப்பள்ளிக்கு இடம் வேண்டும் என்றாலும் மாநில அரசின் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

2018 மே 9 அன்று, சுதந்திரம் பெற்றது முதல் 61 ஆண்டுகள் ஆண்ட கூட்டணியை மக்கள் வாக்கினால் இறக்கினார்கள். துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. பின்னர் 2020இல் கட்சி மாறிய உறுப்பினர்களால் அந்த ஆட்சி கவிழ்ந்ததும், 2022இல் கட்சித் தாவலைத் தடுக்கும் திருத்தம் வந்ததும், அந்த ஆண்டு நவம்பரில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது மாமன்னர் தலையிட்டு ஒற்றுமை அரசு அமைந்ததும் குழப்பம் மிகுந்த கதைகள். எனக்கு அந்தக் குழப்பம் நல்ல அறிகுறியாகவே தெரிகிறது. கடற்பாலத்துக்கு அப்பால் கிடைக்கும் ஒழுங்கு இங்கே இல்லை. அங்கே இதுவரை நிகழாத ஆட்சி மாற்றம் இங்கே நிகழ்ந்திருக்கிறது. எதற்கு எது ஈடு என்று எடைபோட முயன்றேன். லயத்து வீட்டுத் திண்ணை நினைவில் இருக்கும்வரை எளிதாக முடிவு சொல்ல வரவில்லை.

பாடாங் பெசார் நிலையத்துக்குள்ளேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் நடக்கிறது. மாலையில் தாய்லாந்து ரயில் ஏறினேன்.

ஆறாம் நாள் – பாங்காக்

ராஜடம்னோன் சாலையில் உள்ள ஜனநாயக நினைவுச் சின்னத்தின் நான்கு சிறகுகளும் 24 மீட்டர் உயரம். 1932 ஜூன் 24 அன்று முடியரசரின் தனியதிகாரத்தைச் சில அதிகாரிகளும் இளம் படித்தவர்களும் சேர்ந்து முடிவுக்குக் கொண்டுவந்த அந்த நாளைக் குறிக்கவே 24. நடுவில் உள்ள தட்டின்மேல் அரசியலமைப்பின் ஏட்டைப் பொன்னிறத்தில் வைத்திருக்கிறார்கள். சின்னம் உறுதியாக நிற்கிறது, ஏடுதான் நிற்கவில்லை. இப்போது நடைமுறையில் இருப்பது இருபதாவது அரசியலமைப்பு. 1932க்குப் பின் வெற்றி பெற்ற இராணுவக் கவிழ்ப்புகள் பத்துக்கு மேல். அரண்மனைச் சதுக்கத்தின் தரையில், புரட்சி அறிவிக்கப்பட்ட இடத்தில் பதித்திருந்த பித்தளைத் தகடு 2017 ஏப்ரலில் காணாமல் போனது. அந்த இடத்தில் வேறொரு வாசகத்தோடு புதிய தகடு இருந்தது. எடுத்தவர் யார் என்று இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. சாலையில் நின்று வழிப்போக்கர்களிடம் கேட்கக்கூடிய கேள்வியும் அன்று அது. அரச குடும்பத்தை இழிவுபடுத்தியதாகக் கருதப்படும் பேச்சுக்குக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

2023 மே மாதத் தேர்தலில் 500 இடங்களில் 151 பெற்று முதலிடம் வந்த கட்சியால் ஆட்சி அமைக்க முடியவில்லை. இராணுவ ஆட்சி நியமித்த 250 மேலவை உறுப்பினர்களுக்கும் பிரதமர் தேர்வில் வாக்கு இருந்ததே காரணம். அடுத்த ஆண்டு அந்தக் கட்சியையே அரசியலமைப்பு நீதிமன்றம் கலைத்தது. 2024 ஆகஸ்டிலும் 2025 ஆகஸ்டிலும் பதவியிலிருந்த பிரதமர்களை அதே நீதிமன்றம் நீக்கியது. ஆள்கிறவர்களை இறக்கும் வழி இங்கே ஏராளமாக உண்டு. அந்த வழிகளில் வாக்காளரின் கைதான் மிகக் குறைவாகப் படுகிறது.

ஏழாம் நாள் – பாங்காக், கிளோங் தோய்

காலையில் ஓர் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரி போலவே இருந்தது. 2001 தேர்தலில் வென்று பிரதமரான தக்சின் வாக்குறுதி கொடுத்து, 2002இல் சட்டமான திட்டத்தின்படி, 30 பாட் கட்டி எந்த ஏழையும் சிகிச்சை பெறலாம். இதயம், சிறுநீரகம் வரை அதில் அடங்கும். 2006இல் தக்சினைக் கவிழ்த்த இராணுவ அரசு அந்தத் திட்டத்தில் கைவைக்கத் துணியவில்லை. மாறாக, அந்த 30 பாட்டையும் வேண்டாம் என்று தள்ளுபடி செய்தது. ஆட்சியைக் கவிழ்க்க முடிந்தவர்களால் ஒரு முறை கிடைத்துவிட்ட உரிமையைக் கவிழ்க்க முடியவில்லை என்பது இப்பயணத்தில் எனக்கு மிகுந்த ஆறுதல் தந்த செய்தி. இங்கே தேர்தல்கள் வீண் என்று சொல்பவர்கள் அந்தக் கூடத்துக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

பிற்பகல் கிளோங் தோய். துறைமுக ஆணையத்தின் நிலத்தில் தலைமுறைகளாக இருக்கும் குடிசைப் பகுதி. கப்பல் தொழிலுக்கு வந்தவர்கள் உருவாக்கியது. என் முதல் கேள்விக்கு இங்கே எல்லோரிடமும் ஒரே விடை: "நிலம் எங்களுடையது இல்லை." ஆனால் 2003இல் அரசு தொடங்கிய பான் மங்கோங் திட்டத்தின் பெயருக்கே உறுதியான வீடு என்று பொருள். குடிசைவாசிகள் முதலில் சேமிப்புக் குழு அமைக்க வேண்டும். குழு கூட்டாகக் கடன் வாங்கி, நில உரிமையாளரிடம் பேசி நிலத்தைக் கூட்டாகவே குத்தகைக்கோ விலைக்கோ பெற வேண்டும். வீட்டைத் தாங்களே வடிவமைக்கலாம். தனி ஆளுக்குப் பட்டா கொடுத்தால் அடுத்த ஆண்டே தரகர் வாங்கிவிடுவார் என்பதால் கூட்டுரிமை. துன் சம்பந்தனின் கூட்டுறவை நினைத்துக்கொண்டேன். தோட்டத்து மக்களும் குடிசை மக்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

எட்டாம் நாள் – ஹனோய்

தரைவழியாகப் போக எண்ணியிருந்தும் நாள் போதாமையால் விமானம் ஏறினேன். பழைய நகரில் மூன்று மீட்டர் அகலமே கொண்டு உள்நோக்கி நெடுந்தூரம் நீளும் குழாய் வீடுகள். ஒவ்வொரு வீட்டின் முன்புறமும் ஒரு கடை. சமதர்மக் குடியரசு என்று பெயர்ப்பலகை வைத்த நாட்டின் தலைநகரில் இத்தனை கடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூரில்கூட ஒரு தெருவில் இத்தனை தனி முதலாளிகள் இல்லை.

ஒன்பதாம் நாள் – ஹனோய்

மொழிபெயர்க்க வந்திருப்பவர் பொருளியல் படிக்கும் மாணவி. வியட்நாமியத்திலும் நம்மைப் போலவே முறைவைத்துத்தான் அழைக்கிறார்கள். அவர் என்னைப் 'பாக்' என்கிறார், தந்தைக்கு மூத்தவர் என்று பொருள். அவருடைய பாட்டி இன்று எனக்குப் பங்கீட்டுக் காலத்தைப் பற்றிச் சொன்னார். அலுவலக ஊழியருக்கு மாதம் 13 கிலோ அரிசி. அதுவும் பல மாதம் பழையரிசி, கோதுமை கலந்தது. துணி, மீன், மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் சீட்டு. வரிசையில் ஆள் நிற்க முடியாதபோது பேர் எழுதிய செங்கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். முகம் வாடியிருப்பவரைப் பார்த்து, "அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவர் முகம்" என்று இன்றும் இங்கே சொல்வதுண்டு. ரேஷன் அட்டையைத் தொலைத்து நின்ற எங்கள் தெரு அம்மாமார்களைப் பார்த்திருப்பதால் அந்தப் பழமொழியை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

1986இல் பணவீக்கம் ஆண்டுக்கு 700 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த டிசம்பரில் கட்சியின் ஆறாவது மாநாடு தோய் மோய் என்ற சீர்திருத்தத்தை அறிவித்தது. மாநாடு அறிவித்தது என்று எழுதினால் பாதி உண்மையே எழுதியதாகும். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, வின் ஃபுக் மாகாணத்தில் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்துப் பயிரிடவைத்த கட்சிச் செயலாளர் கிம் நோக் கண்டிக்கப்பட்டார். உழவர்கள் அதன்பின்னும் பல இடங்களில் அதைத் திருட்டுத்தனமாகச் செய்தார்கள். 1988 ஏப்ரலில் பத்தாம் தீர்மானம் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. உணவுக்குக் கையேந்திய நாடு 1989இல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. அதே மண், அதே மழை, அதே மக்கள், அதே கட்சி. யார் உழைப்பின் பலன் யாருக்கு என்ற ஒன்றுதான் மாறியது.

பத்தாம் நாள் – ஹனோய்க்கு வெளியே, செந்நதிக் கரை

மாணவியின் தாய்மாமன் கிராமத்துக்குப் போனோம். நெல்வயலுக்கு அப்பால் தொழிற்பேட்டையின் நீலக் கூரைகள் தெரிந்தன. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. என் முதல் கேள்வியைக் கேட்டதும் உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். இங்கே அதைச் செம்புத்தகம் என்கிறார்கள். நிலம் முழு மக்களின் உடைமை, அரசு அதன் பிரதிநிதி என்று அரசியலமைப்பு சொல்கிறது; பயன்படுத்தும் உரிமை மட்டும் அவருடையது. 1993 சட்டத்துக்குப் பின் அந்த உரிமையை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வயலுக்குக் கால வரம்பு 50 ஆண்டு. பன்னிரண்டாம் மாடியில் என் மாணவர் சொன்ன விடையும் வயல் வரப்பில் இவர் சொன்ன விடையும் ஏறத்தாழ ஒன்றே. என் கரும்பலகையில் இரண்டு எதிர்முனைகளில் நின்ற நாடுகள், நிலம் என்ற ஒன்றில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

வேறுபாடு நிலத்தை எடுக்கும்போது தெரிகிறது. தொழிற்பேட்டைக்காக அவருடைய வயலில் பாதியை எடுத்தபோது, பயிர்நிலத்துக்கு அரசு நிர்ணயித்த விலையே இழப்பீடாகக் கிடைத்தது. அதே நிலம் மனையாக மாறியபின் பல மடங்கு விலை போனது. சிங்கப்பூரிலும் அரசு மலிவாகத்தான் எடுத்தது. ஆனால் அங்கே எடுத்த இடத்தில் எழுந்த வீட்டில் நிலம் கொடுத்தவரின் பிள்ளைகளும் குடியேறினார்கள். இங்கே ஆதாயம் கட்டட முதலாளிக்குப் போகிறது. பல கிராமங்களில் இது மோதலாக வெடித்திருக்கிறது. ஹனோய்க்குத் தெற்கே தோங் தாமில் 2020 ஜனவரியில் மூன்று காவலர்களும் 84 வயது ஊர்ப் பெரியவர் ஒருவரும் உயிரிழந்தார்கள். ஒரே கட்சி ஆளும் என்று அரசியலமைப்பின் நான்காம் பிரிவே எழுதிவைத்திருக்கும் நாட்டில், நிலம் இழந்தவர் போகக்கூடிய தூரம் மனு எழுதுவது வரைதான். அரசு செவிசாய்ப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் சமூகக் காப்பீட்டுப் பணத்தை எடுப்பதற்கு வந்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஹோ சி மின் நகரில் பல்லாயிரம் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது தேசியப் பேரவை சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

தேநீர் ஊற்றிக்கொண்டே மாமா என்னைக் கேட்டார், உங்கள் நாட்டில் எப்படி என்று. பட்டாவைப் பற்றிச் சொன்னேன். தேவைப்பட்டால் அரசு எடுத்துக்கொள்ளும், 1978இல் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நாங்களும் நீக்கிவிட்டோம் என்றும் சொன்னேன். பிறகு மேற்கு வங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் ஓர் அரசு 34 ஆண்டுகள் ஆண்டது. குத்தகை உழவர்களின் உரிமையைப் பதிவு செய்துகொடுத்த அதே அரசு, 2006இல் சிங்கூரில் கார் தொழிற்சாலைக்காக ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரை எடுத்தது. 2007இல் நந்திகிராமில் நிலம் தர மறுத்தவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். 2011 தேர்தலில் மக்கள் அந்த அரசைத் தோற்கடித்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நிலத்தை உழவர்களுக்கே திருப்பித் தரச் சொன்னது.

மாணவி இதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"தோற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறார், பாக்."

"எங்கும் போகவில்லை. சட்டமன்றத்தில் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். அடுத்த தேர்தலிலும் நின்றார்கள்" என்றேன்.

அவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மாணவி சொன்னார். சிறிது நேரம் வயலுக்கு அப்பால் இருந்த நீலக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிவப்புப் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பின்னர் என் கோப்பை காலியாக இருப்பதைக் கண்டு மீண்டும் தேநீர் ஊற்றினார்.